தெளிக்காத பாத்தியையும் எழுதுங்க

தளவானூரில் மானாவாரி மல்லாட்டை போடுகிறவன் நான். போன ஆடிப்பட்டத்துக்கு முந்தின பட்டம் காடு முழுக்கப் பஞ்சகவ்யா தெளித்தேன். பயிர் கருகருவென்று நின்றது. பார்க்க வந்த வேளாண் மாணவியிடம் பெருமையாகச் சொன்னேன். "தெளிக்காத இடம் எதுங்க ஐயா?" என்று கேட்டது அந்தப் பொண்ணு. அப்படி ஒரு இடமே நான் விடவில்லை. "அப்ப இது மழையால வந்ததா, தெளிச்சதால வந்ததான்னு எப்படிங்க எழுதறது?"

வாயடைத்துப் போனேன். கோவை வேளாண் கல்லூரியில் 1909-ல் தொடங்கிய நிரந்தர எரு ஆய்வில் தொழுவுரம் மட்டும் இடும் பாத்தி உண்டு. எதுவுமே இடாத பாத்தியும் உண்டு. அந்த வெறும் பாத்தி இருப்பதால்தான் மற்றதைப் பற்றிப் பேச முடிகிறது.

போன ஆடியில் ஒரு நோட்டு போட்டேன். (எங்கள் ஊர்க் குன்றில் மகேந்திரவர்மன் குடைந்த சத்துருமல்லேசுவரமும், குடைந்தவன் கல்லில் எழுதி வைத்ததால்தானே நமக்குத் தெரிகிறது!) பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ரெண்டாக ஆறு பாத்தி. ஜோடியில் எதற்குத் தெளிப்பது என்று சீட்டுக் குலுக்கினோம். ஒன்றுக்கு 10 லிட்டர் டேங்கில் 300 மில்லி பஞ்சகவ்யா, மற்றதுக்கு வெறும் தண்ணீர். விதைத்த தேதி, ரகம், மழை பெய்த நாள் எல்லாம் அன்றன்றைக்கே எழுதினேன். அறுவடையில் பாத்திக்கு 10 செடி, நல்ல செடியாகப் பொறுக்காமல் பிடுங்கிக் காய் எண்ணினோம். "நல்ல காய்ப்பு" என்று எழுதப் போனேன். "எண்ணிக்கையை மட்டும் எழுதுங்க ஐயா, நீங்க நினைக்கிறதை அடுத்த பக்கத்துல எழுதலாம்" என்றது அந்தப் பொண்ணு.

மூன்று ஜோடியில் ஒன்றில்தான் தெளித்த பாத்தியில் காய் தெளிவாகக் கூடுதல். அந்தப் பாத்தியோ வரப்போரம், மழைத்தண்ணி நிற்கிற இடம். மற்ற இரண்டில் சொல்லும்படி வித்தியாசமில்லை.

பார்க்கிறவரிடமெல்லாம் பஞ்சகவ்யா பேசுகிறவனுக்கு இதை எழுதக் கை வரவில்லை. "அந்த ரெண்டை விட்டுட்டு எழுதுங்களேன், யாரு கேக்கப் போறாங்க?" என்றார் வீட்டம்மா. உரக்கம்பெனி விளம்பரத்தில் நல்லா வந்த வயலை மட்டும் காட்டுகிறான் என்று திட்டுகிறவனும் நான்தானே. மூன்றையும் எழுதினேன். வரப்போரத் தண்ணியையும் எழுதினேன்.

வரும் ஆடியில் வரப்பை விட்டுத் தள்ளி மேட்டில் மறுபடி செய்யப் போகிறேன். செஞ்சிப் பக்கம் மல்லாட்டை போடுகிறவர்கள் நீங்களும் ரெண்டு பாத்தி ஒதுக்குங்க. அறுவடை முடிந்ததும் நோட்டோடு வாங்க, வைத்துப் பார்ப்போம்.