சிப்பாய் வீட்டில் மாதக் கடைசி

ஆண்டுக்கு 80,000 கோடி டாலருக்கு மேல் ராணுவத்துக்குச் செலவழிக்கிறது அமெரிக்கா. அந்த ராணுவத்தில் இருப்பவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை: வாங்கிய மளிகை தீர்ந்துபோய், மறுபடி வாங்கக் காசில்லாமல் இருந்தீர்களா? பணமில்லாததால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டீர்களா? ஒரு வேளையே சாப்பிடாமல் இருந்தீர்களா?

பாதுகாப்புத் துறை 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, பணியில் உள்ளவர்களில் 24 சதவீதம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை. இவர்களில் ஒரு பகுதியினர் வேளைச் சாப்பாட்டையே குறைக்கும் நிலைக்குப் போனவர்கள். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்கும் ஏறக்குறைய இதேதான்.

சம்பளம் அவ்வளவு மோசமா என்றால், இல்லை. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு, புதிதாகச் சேரும் கடைநிலைச் சிப்பாய்க்கு மாதம் சுமார் 2,300 டாலர் அடிப்படைச் சம்பளம் கிடைத்தது. தனி ஆளுக்கு அது போதும். சிக்கல் குடும்பத்தோடு வருகிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் முன்பணமும் சாமான் செலவும் கையைக் கடிக்கும். மனைவியோ கணவனோ பார்த்துவந்த வேலையும் போய்விடும். செவிலியர், ஆசிரியர் என்றால் புது மாநிலத்தில் உரிமச் சிக்கலும் வரலாம். ராணுவத்தினரின் துணைகளில் வேலை பார்ப்பவர்களையும் தேடுபவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், வேலை கிடைக்காதவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர்.

சரி, அரசின் உணவு உதவித் திட்டமான ‘ஸ்நாப்’ இருக்கிறதே? இங்கேதான் வாடகைப்படி குறுக்கே வருகிறது. தளத்துக்கு வெளியே குடியிருப்பவருக்கு ஊர் விலைவாசிக்கேற்ப ஒரு படி தருகிறார்கள். சான் டியாகோவில் இரண்டு குழந்தைகளோடு இருக்கும் ஒரு கார்ப்பரலை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் சுமார் 3,000 டாலர். வாடகைப்படி அதற்கும் மேல். அந்தப் படி வந்த கையோடு வீட்டுக்காரரிடம் போய்விடும். ஆனால் ஸ்நாப் விண்ணப்பத்தில் அதுவும் வருமானம்தான். நால்வர் குடும்பத்துக்கு 2025-ல் தேசிய வரம்பு மாதம் 3,380 டாலர். கலிபோர்னியா போல வரம்பைத் தளர்த்திய மாநிலங்களிலும் இந்தக் குடும்பம் தேறாது. வேடிக்கை என்னவென்றால், வருமான வரித் துறை இதே வாடகைப்படியை வருமானமாகவே கருதுவதில்லை. வரி கேட்கும் அலுவலகத்துக்கு அவர் ஏழை, உணவு தரும் அலுவலகத்துக்கு வசதியானவர்!

தனி ஆட்களின் சாப்பாட்டிலும் சிக்கல் உண்டு. திருமணமாகாமல் பாசறையில் தங்குவோரின் உணவுப்படியைப் பிடித்துக்கொண்டு உணவுக்கூடத்தில் சாப்பாடு போடுவது வழக்கம். 11 பெரிய தளங்களில் இப்படிப் பிடித்த 22.5 கோடி டாலரில் 15.1 கோடி உணவுக்குச் செலவாகவில்லை என்று 2025-ல் மிலிட்டரி.காம் செய்தித்தளம் எழுதியது.

சாப்பாட்டுக் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்வதும் எளிதல்ல. ரகசியக் கோப்புகளைப் பார்க்கும் அனுமதிக்குக் கடன் விவரங்களைத் துருவுவார்கள். பணக்கஷ்டம் மேலதிகாரிக்குத் தெரிந்தால் அனுமதியே போய்விடுமோ என்ற பயம் இருக்கும். இந்தக் கஷ்டம் மனதையும் அரிக்கிறது. ஒரு ராணுவத் தளத்தில் 2019-ல் நடத்திய ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு ஓரளவாவது உணவுத் தட்டுப்பாடு இருந்தது. பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை அவர்களிடம் கூடுதல். அதன் வழியே பணியை விட்டு விலகும் எண்ணமும் கூடுதல். அண்மை ஆண்டுகளில் ஆள் சேர்க்கத் திண்டாடிய ராணுவத்துக்கு இந்தக் கடைசித் தகவல்தான் உறைத்திருக்கும் என்பது என் சந்தேகம்.

பரிகாரமாக 2023 ஜனவரியில் ‘அடிப்படைத் தேவைப்படி’ வந்தது. அதற்கான வருமான வரம்பு வறுமைக் கோட்டின் 130 சதவீதத்தில் தொடங்கி 150 ஆகி, பிறகு 200 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் வாழ்க்கைச் செலவு அதிகமான ஊர்களுக்கு விலக்கு தரலாம் என்பதைத் தவிர, இதிலும் வாடகைப்படி வருமானத்தில் சேரும். ஆகவே முதலில் பலன் பெற்றவர்கள் சொற்பம். அதற்கு முன்பே, ஸ்நாப் கணக்கில் மாதம் 500 டாலர் வரையான வாடகைப்படியை விட்டுவிடலாம் என்று, ஸ்நாப் விதிகளை வகுக்கும் 2018 பண்ணைச் சட்டத்துக்கான நாடாளுமன்றக் கீழவை வரைவில் ஒரு பிரிவு இருந்தது. மேலவையோடு பேசி முடித்த இறுதிச் சட்டத்தில் அதைக் காணவில்லை.