பூட்டிக்கொண்ட டெப்

எங்கள் வீட்டு டெப் பூட்டிக்கொண்ட அன்று, அதன் இரகசிய இலக்கம் உம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் திறக்க முடியவில்லை. இப்போது சொல்லும்போது வேடிக்கையாக இருக்கிறது. அன்று அப்படி இருக்கவில்லை.

அது ஓர் ஐபேட். கொரோனாக் காலத்தில் ஸூம் வகுப்புகளுக்காகக் கட்டாரிலிருந்து மாமா அனுப்பியது. வகுப்புகள் முடிந்த பிறகு அது தம்பியின் கார்ட்டூன் பெட்டியாகவும், வாப்பும்மாவின் கதைகளைப் பதிவுசெய்யும் கருவியாகவும் மாறிவிட்டது. பின்னேரங்களில் அவரது கட்டிலருகே டெப்பை வைத்துவிட்டு, "பழைய கதை ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்பேன். இப்படிப் பதினொரு பதிவுகள் சேர்ந்தன. வாப்பும்மா மௌத்தாகி இரண்டு கிழமை போயிருக்கும். தம்பி எந்நேரமும் டெப்பும் கையுமாக இருக்கிறான் என்று உம்மா இலக்கத்தை மாற்றிவிட்டார். ஆறு வயதுப் பிள்ளையின் பிடிவாதத்தை அவர் குறைத்து எடைபோட்டுவிட்டார்.

எங்களிடம் இருந்தது சற்றுப் பழைய இயங்குதளம். அதில் ஐந்து பிழைகள் வரை மன்னிப்பு உண்டு. ஆறாவது பிழைக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், ஏழாவதுக்கு 5 நிமிடம், எட்டாவதுக்கு 15, ஒன்பதாவதுக்கு 60. பத்தாவது பிழையோடு இலக்கம் கேட்கும் திரையே மறைந்து, கணினியோடு இணைக்கும்படி ஒரு வாசகம் மட்டும் மிஞ்சும். அதன் பிறகு சரியான இலக்கம் தெரிந்திருந்தும் பயனில்லை, அதை எழுதுவதற்கு இடமே கிடையாது. ஒரே பிழையான இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அது ஒரு பிழையாகவே கணக்கிடப்படும். ஆகவே தம்பி பத்து வெவ்வேறு இலக்கங்களை, ஒரு மணித்தியாலம் இருபது நிமிடத்துக்குக் குறையாத பொறுமையோடு முயன்றிருக்கிறான். பாடப் புத்தகத்தில் அந்தப் பொறுமையை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

நானா அதை ஒரு கடைக்குக் கொண்டுபோனார். "சொப்ட்வெயார் அடித்தால் சரிவரும், உள்ளே இருப்பது ஒன்றும் போகாது" என்றார்களாம். டெப்பை இரண்டு நாள் வைத்துவிட்டுப் போகவும் சொன்னார்கள். நானா திரும்பி வந்து அதை அப்படியே சொன்னபோது எனக்குச் சந்தேகம் எழுந்தது. ஒரு மென்பொருளால் இவ்வளவு இலகுவாகத் திறக்கலாம் என்றால், பிறகு பூட்டு எதற்கு?

நாம் போனைக் கதவு போலவும் இலக்கத்தைத் திறப்புப் போலவும் நினைக்கிறோம். கதவென்றால் பூட்டை உடைத்துவிட்டு உள்ளே போகலாம், உள்ளே இருக்கும் அலுமாரியும் கட்டிலும் அப்படியே இருக்கும். இன்றைய போன்கள் அந்த வகை அல்ல. அவற்றிலுள்ள படங்களும் குரல்களும் கடிதங்களும் எல்லாமே குழப்பி எழுதப்பட்ட எழுத்துகளாகத்தான் சேமிக்கப்படுகின்றன. இதைக் குறியாக்கம் என்பார்கள். குழப்பத்தைத் தெளிவாக்கும் சாவி இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று நீங்கள் வைக்கும் இலக்கம். மற்றது தொழிற்சாலையிலேயே அந்தப் போனின் சில்லுக்குள் பதிக்கப்பட்ட ஓர் இரகசிய எண். அந்த எண் சில்லை விட்டு வெளியே வராது. எனவே நினைவகத்தைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினாலும் கிடைப்பது குப்பைதான்.

அப்படியானால் கணினியொன்றைக் கொண்டு எல்லா இலக்கங்களையும் வரிசையாக முயன்று பார்த்தால் என்ன? ஐபோனும் ஐபேடும் ஓர் இலக்கத்தைச் சரிபார்க்க ஏறத்தாழ 80 மில்லி செக்கன் எடுக்கும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டுள்ளன. நான்கு இலக்கப் பூட்டுக்கு 10,000 வழிகள். பெருக்கிப் பார்த்தால் 800 செக்கன், பதினான்கு நிமிடம்கூட இல்லை. ஆறு இலக்கத்துக்கு பத்து இலட்சம் வழிகள், அதுவும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஆக, உண்மையான காவல் இலக்கத்தில் இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் காத்திருக்க வைக்கிறதே, அந்தத் தாமதத்திலும் பத்தாவது பிழையில் வாசலையே மூடிவிடுவதிலும்தான் இருக்கிறது. தம்பியை மறித்ததும் எங்களை மறித்ததும் அந்த ஒரே காவல்காரன்தான்.

இந்தக் காவலை அகற்றும் மென்பொருளுக்காக ஓர் அரசாங்கமே நீதிமன்றம் போயிருக்கிறது. 2015 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பெர்னார்டினோ நகரில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்களில் ஒருவர் பயன்படுத்திய ஐபோன் 5சி பூட்டிய நிலையில் எஃப்.பி.ஐ.யின் கைக்கு வந்தது. தாமதத்தையும் பத்தாவது பிழையில் அழிக்கும் ஏற்பாட்டையும் நீக்கும் மென்பொருளை அப்பிள் நிறுவனம் எழுதித் தர வேண்டும் என 2016 பெப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு போனுக்காக எழுதப்படும் அத்தகைய மென்பொருள் எல்லாப் போன்களுக்கும் ஆபத்தாகிவிடும் என்று அப்பிள் மறுத்தது. வழக்கு முடிவுக்கு வரவில்லை. மார்ச் 28ஆம் திகதி, வேறொரு தரப்பின் உதவியால் போனைத் திறந்துவிட்டதாகக் கூறி அரசு விலகிக்கொண்டது.

அந்த வழக்கில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொரு சம்பவம். போன் கிடைத்த ஆரம்ப நாட்களில், அவசரத்தில், அதனோடு தொடர்புடைய ஐகிளவுட் கணக்கின் பாஸ்வேர்டை அதிகாரிகள் மாற்றிவிட்டார்கள். மாற்றாமல் இருந்திருந்தால், பழக்கப்பட்ட வைபைக்கு அருகே போனை மின்னேற்றி வைத்து, அது தானாகவே புதிய பிரதியொன்றை ஐகிளவுட்டுக்கு அனுப்புகிறதா என்று பார்த்திருக்கலாம். பாஸ்வேர்ட் மாறியதால் அந்த வழி அடைபட்டது. அங்கே இருந்த கடைசிப் பிரதி அக்டோபர் 19ஆம் திகதிக்குரியது, சம்பவத்துக்கு ஆறு கிழமை முந்தியது. போனொன்று பூட்டிக்கொண்டால் முதல் அரைமணித்தியாலத்தில் நாம் பதறிச் செய்வதே பெரிய கேடாக அமையலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

"இலக்கம் இல்லாமலே திறக்கும்" என்று பணத்துக்கு விற்கப்படும் கணினி மென்பொருள்களும் உண்டு. ஐபோன், ஐபேடைப் பொறுத்தவரை அவற்றில் பெரும்பாலானவை செய்வது, அப்பிளின் ஐடியூன்ஸ் இலவசமாகச் செய்யும் அதே வேலையைத்தான். அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுவது. போன் திறக்கிறது என்பது உண்மை. உள்ளே வீடு காலி என்பதும் உண்மை. விளம்பரத்தில் முதல் உண்மை பெரிய எழுத்திலும் இரண்டாவது சின்ன எழுத்திலும் இருக்கும். பணம் கொடுக்காமல் எங்கேயோ கிடைக்கும் திருட்டுப் பிரதிகளைக் கணினியில் ஏற்றினாலோ, போனைத் திறக்கப் போய்க் கணினியையும் பறிகொடுக்க நேரிடலாம்.

நாங்கள் கடைக்குப் போகவில்லை. ஐபேடை அணைத்து, கீழே உள்ள வட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கணினியோடு கேபிளால் இணைத்தோம். (வட்டப் பொத்தான் இல்லாத புதிய ஐபேட்களில் மேலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும்.) ஐடியூன்ஸ் இரண்டு வழி கேட்டது: புதுப்பிப்பதா, மீட்டமைப்பதா. இலக்கம் மறந்த அல்லது முடக்கப்பட்ட கருவிக்கு மீட்டமைப்பதுதான் வழி, அது எல்லாவற்றையும் அழிக்கும். உம்மா அந்தப் பொத்தானை அழுத்த விடாமல் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல கிகாபைட் இறங்க வேண்டும். 15 நிமிடத்துக்குள் இறங்கி முடியாவிட்டால் ஐபேட் அந்த நிலையிலிருந்து தானாக வெளியேறிவிடும். எங்கள் வீட்டு இணைய வேகத்துக்கு இறக்கம் முடியும்வரை விட்டுவிட்டு, பொத்தான் வேலையை இரண்டாம் தடவையும் செய்ய வேண்டியிருந்தது.

புதிய இயங்குதளங்களில் இவ்வளவு பாடு இல்லை. 15.2ஆம் பதிப்பிலிருந்து, இணைய இணைப்பும் அப்பிள் கணக்கின் பாஸ்வேர்டும் இருந்தால் பூட்டிய திரையிலிருந்தே கருவியை அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். 17ஆம் பதிப்பிலிருந்து, இலக்கத்தை மாற்றி மறந்துவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் பழைய இலக்கத்தைக் கொண்டு புதிய இலக்கம் வைக்கலாம். நேற்று மாற்றி இன்று மறக்கும் எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்தது போலிருக்கிறது.

அன்ட்ரொய்ட் போன்களிலும் கதை பெரும்பாலும் இதுவே. 4.4 வரையான பழைய பதிப்புகளில் கோலம் மறந்துவிட்டால் கூகுள் கணக்கைக் கொண்டு திறக்கலாம். இப்போது அந்த வழி இல்லை. ஒன்பது புள்ளிகளில் இழுக்கும் கோலங்கள் 389,112 உண்டு, ஆனால் நாம் இழுப்பது எப்போதும் நம் பெயரின் முதலெழுத்தைத்தான். சில சாம்சுங் போன்களில் தூரத்திலிருந்து பூட்டை நீக்கும் வசதி இருக்கிறது, அதை முன்கூட்டியே செயற்படுத்தி வைத்திருக்க வேண்டும். மற்றப்படி போனை அணைத்து, ஒலிப் பொத்தானையும் மின் பொத்தானையும் சேர்த்து அழுத்தி முழுவதையும் அழிப்பதே வழி. அதற்கு முன் சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னுமொன்று: விரல் அடையாளம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இலக்கம் மறந்துவிட்டதை உணர்ந்தால், போனை அணைக்க வேண்டாம். அணைத்து ஏற்றினால் அது இலக்கத்தைத்தான் கேட்கும். விரல் திறக்கும் நேரத்துக்குள் படங்களையும் மற்றவற்றையும் வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

அழித்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. களவு போன போனை அழித்து விற்பதைத் தடுக்க அப்பிள் 2013இலும், கூகுள் 2015இல் அன்ட்ரொய்ட் 5.1இலும் இரண்டாவது பூட்டொன்றைக் கொண்டுவந்தன. அழித்த பிறகும் போன் முன்பிருந்த கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்கும். பாவித்த போன் வாங்கும் பெற்றோர், விற்பவரின் கணக்கு நீக்கப்பட்டுவிட்டதா என்று அவர் முன்னாலேயே பார்த்து வாங்குவது நல்லது. பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். கணக்கு மறந்தவருக்கு அப்பிள் உதவ வேண்டுமென்றால் அது கேட்பது கொள்வனவு ஆதாரத்தைத்தான்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை சிலருக்கு வரலாம். அப்போது இலக்கத்தைக் கடதாசியில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவதை நான் விரும்பவில்லை. திரையையோ மின்கலத்தையோ மாற்றுவதற்கு நம் படங்களைப் பார்க்கத் தேவையில்லை. பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது பற்றித் தயங்காமல் பேச வேண்டும். இயலுமானால் பக்கத்தில் நின்று வேலையை முடித்து வாங்கி வரலாம். மற்றவரின் போனை அவரது அனுமதியின்றித் திறக்க முயல்வதோ வேறு விடயம். நமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் அனுமதியற்ற நுழைவு குற்றமாகும். சிநேகிதியின் போனில் விளையாட்டுக்குச் செய்யும் வேலைகளையும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.

எங்கள் ஐபேடும் அழிந்து புதிதாக எழுந்ததும் மாமாவின் அப்பிள் கணக்கைத்தான் கேட்டது. மாமாவோ பாஸ்வேர்டை மறந்திருந்தார். நல்லவேளையாகக் கணக்கில் கொடுத்திருந்த இலக்கத்தை அவர் மாற்றியிருக்கவில்லை. அந்த இலக்கத்துக்கு வந்த குறியீட்டைக் கொண்டு கட்டாரிலிருந்தே பாஸ்வேர்டைப் புதுப்பித்து, வட்ஸ்அப்பில் அழைத்து எழுத்து எழுத்தாகச் சொன்னார். எழுதியதும் திரையில் ஒரு வரி வந்தது: ஐகிளவுட்டில் ஒரு பிரதி இருக்கிறது, அதிலிருந்து மீட்கலாமா?

பிரதியின் திகதி நான்கு மாதம் முந்தியது. இலவசமாகக் கிடைக்கும் 5 கிகாபைட், தம்பியின் வீடியோக்களால் நிரம்பியதும் பிரதி எடுப்பது நின்றுவிட்டது. இடம் போதாது என்று வந்த அறிவித்தல்களை நாங்கள் ஒவ்வொரு தடவையும் விரலால் தள்ளிவிட்டிருந்தோம். இன்னும் இரண்டு மாதம் சென்றிருந்தால் அந்தப் பிரதியும் இருந்திருக்காது. புதுப்பிக்கப்படாத பிரதியை 180 நாட்களுக்கு மேல் வைத்திருப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

இரவு பதினொரு மணிக்குப் பதிவுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஏழு. அதோடு நின்றுவிட்டது. உம்மா ஏழாவதை ஒலிக்க விட்டார். வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை, எவ்வளவு கித்துல் கருப்பட்டி என்று வாப்பும்மா சொல்லத் தொடங்குகிறார். கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. "யாரென்று பார் மகள், மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்" என்கிறார். மிச்சம் எட்டாவது பதிவில் இருந்தது.