ராத்திரி லாயத்தில் குதிரைக்கு எவ்வளவு புல் போடணும்?

மெரினாவிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரை, பழனியில் வண்டிக் குதிரை என்று குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மாநிலத்தில் நிறைய உண்டு. பகலெல்லாம் உழைத்த குதிரையைச் சாயங்காலம் லாயத்தில் கட்டி, ஊறவைத்த கொள்ளும் ஒரு கட்டுப் புல்லும் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறோம். "வயிறு நிறைஞ்சிருக்கும், காலைல பார்த்துக்கலாம்" என்று நினைக்கிறோம். அந்தப் புல் போதுமா?

ஏன் இந்தக் கேள்வி?

மாடு தின்றதைப் பிறகு அசை போடும். குதிரை அசை போடாது. உடம்பைப் பார்க்கும்போது அதன் இரைப்பை சின்னது. அதில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தின் கடுமையைக் குறைப்பது உமிழ்நீர். அது மென்றால்தான் சுரக்கும். மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு நின்றால் இரைப்பையில் புண் வரலாம், வயிற்றுவலியும் வரலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால்தான் குதிரைக்கு வயிற்றுவலி என்றால் உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது.

முதலில் எடை தெரியணும்

தராசு வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள்முனையிலிருந்து பிட்டத்து முனைவரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கணும். நெஞ்சளவை அதே அளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய கிலோவில் வரும். நெஞ்சளவு 145, நீளம் 140 என்றால் சுமார் 248 கிலோ.

கணக்கு இதுதான்

ஒரு நாளைக்கு, தண்ணீர்ச் சத்து நீங்கலாக, உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் புல் தேவை. 250 கிலோ குதிரைக்கு இது ஏறக்குறைய நாலரை முதல் ஐந்தரை கிலோ காய்ந்த புல். பகலில் வேலைக்குப் போகும் குதிரை அப்போது அதிகம் தின்ன முடியாது. ஆகவே பாதிக்கு மேல், அதாவது சுமார் 3 கிலோ, ராத்திரிக்கு வைக்கணும்.

பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். ஆகவே 3 கிலோ காய்ந்த புல்லுக்கு ஈடாக 13 கிலோ பச்சைப் புல் வேண்டும். "ஒரு கட்டு" என்று கண்ணளவில் போடாமல், ஒரு தடவையாவது தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

மொத்தமா போடலாமா?

ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்ன சுமார் 40 நிமிடம் ஆகும். மூன்று கிலோவையும் 6 மணிக்கே போட்டால் 8 மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்; அதற்குப் பிறகு விடியும்வரை பட்டினிதான். அதனால் லாயத்தில் கட்டியதும் 1 கிலோ, நீங்கள் படுக்கப் போகும் முன் 2 கிலோ என்று பிரித்துப் போடுங்கள். சின்னக் கண்ணுள்ள வலையில் வைத்தால் மெதுவாகத் தின்னும். ஆனால் கால் சிக்காத உயரத்தில் கட்டணும்.

கவனிக்க வேண்டியவை

* கொள்ளு புல்லுக்கு மாற்று இல்லை. சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், மெல்லும் நேரமும் குறைவு.
* வைக்கோலை மட்டுமே நம்பாதீர்கள். அதில் சத்து குறைவு. குடலில் அடைத்துக்கொள்ளவும் கூடும்.
* பூஞ்சை பிடித்த, தூசி நிறைந்த புல்லைப் போடவே கூடாது.
* புல் வகையை மாற்றுவதானால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.
* ராத்திரி முழுக்கத் தண்ணீர் இருக்கணும். காய்ந்த புல் தின்னும் குதிரைக்குத் தாகம் அதிகம்.

காலையில் பாருங்க

கொஞ்சம் புல் மிஞ்சியிருந்தால் அளவு சரி. தரையை நக்கியிருந்தாலோ, மரக்கட்டையைக் கடித்திருந்தாலோ ராத்திரிப் புல் போதவில்லை என்று சந்தேகப்படலாம். தீனியைத் தொடாமல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, காலால் தரையைப் பறித்து, படுத்துப் புரண்டு, சாணமும் போடாமல் இருந்தால் அது வயிற்றுவலி. உடனே தீனியை நிறுத்திவிட்டு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை அணுகுங்கள், அல்லது 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

இன்று ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு தடவை லாயத்தை எட்டிப் பாருங்கள். வலை காலியாக இருந்தால், அந்த இரண்டு கிலோவைப் போட்டுவிட்டு வந்து படுங்கள்.