வெள்ளப் படகின் எஞ்சினைக் கழற்றும் முறை

கடற்கரையே இல்லாத மாகாணம் நமது சப்பிரகமுவ. தேயிலையும் இறப்பரும் இரத்தினக் கல்லும் பேசப்படும் இம்மாகாணத்தில் படகின் எஞ்சினைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று நேயர்கள் வினவக்கூடும். களு கங்கையே அதற்கு விடை. சிவனொளிபாத மலைப் பக்கத்தில் பிறந்து செங்குத்தாக இறங்கி வரும் அந்த ஆறு, இரத்தினபுரியை அடைந்ததும் தன் வேகத்தை இழந்துவிடுகின்றது. அங்கிருந்து களுத்துறையில் கடலைச் சேரும் வரை அதன் பாதையில் சரிவு மிகக் குறைவு. ஆகவே மேலேயிருந்து ஓடி வந்த நீர் கீழே போக வழியின்றி நகரிலும் வயலிலும் தோட்டங்களின் தாழ்ந்த எல்லைகளிலும் நாட்கணக்கில் தேங்கி நிற்கும். 1947, 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களைப் பற்றிக் கேட்டறியாத குடும்பம் இங்கே அரிது. கேகாலை மாவட்டத்திலும் களனி கங்கைக்கு நீர் கொணரும் ஆறுகள் தெரணியகல, எட்டியாந்தோட்டைப் பக்கங்களில் இதே தொல்லையைச் செய்வதுண்டு.

அத்தகைய நாட்களில் கடற்படையினரின் படகுகளும் மீனவரின் படகுகளும் கரையோரத்திலிருந்து லொறிகளில் ஏறி மலைநாட்டுக்கு வருகின்றன. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, அந்நாட்டு மீனவர் தம் படகுகளையும் எஞ்சின்களையும் லொறிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்று பல்லாயிரம் பேரை மீட்டதை உலகம் வியந்து பார்த்தது. அந்த வியப்பினிடையே பலரும் கவனியாத ஒரு சிறு வேலை உண்டு. படகை லொறியில் ஏற்றுமுன் எஞ்சினைக் கழற்ற வேண்டும். நீரில் இறக்கியபின் மீண்டும் பூட்ட வேண்டும். அடுத்த ஊருக்குப் போகுமுன் மறுபடியும் கழற்ற வேண்டும். பின்பலகையில் தொங்கியவாறே எஞ்சினை மலைப்பாதையில் கொண்டு சென்றால், ஒவ்வொரு குழியிலும் அது பலகையை நெம்பும். படகுக்காரர் இருவர் மூவராகவே வருவர். கைகொடுக்க முன்வருவோர் நம் தோட்டத்து இளைஞர்களே. அவர்களுக்கு வலிமையும் மனமும் உண்டு. எஞ்சினோடு பழக்கம் இல்லை. கையை நசுக்கிக்கொள்வதும் எஞ்சினை நீரில் போடுவதும் அங்கேதான் நேர்கின்றன. எஞ்சின் நீரில் விழுந்துவிட்டால், அப்பாலுள்ள லயத்தில் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பவர்களுக்கு அன்றைக்குப் படகு இல்லை என்பதே பொருள்.

இவ்வகை எஞ்சினை அரசாங்க ஏடுகள் வெளியிணைப்பு இயந்திரம் என்று வழங்கும். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்றூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்ட எஞ்சின் ஒன்றரைக் குதிரைவலுவும் 62 இறாத்தல் நிறையும் கொண்டது. அவர் பெயர் தாங்கிய எஞ்சின்களின் உற்பத்தி 2020இல் நின்று போயிற்று. அவர் பரப்பிய அமைப்போ இன்றும் மாறவில்லை. மேலே உருளையும் எரிபொருட் பகுதியும் அடங்கிய தலை, நடுவே நீண்ட தண்டு, அடியில் சுழல்விசிறி. இக்காலத்தில் 15 குதிரைவலு எஞ்சின் ஏறக்குறைய 40 கிலோகிராமும், 40 குதிரைவலு எஞ்சின் 70 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறுக்கும்.

நிறையைவிட, அந்த நிறை எங்கே இருக்கின்றது என்பதே நாம் முதலில் அறிய வேண்டியது. கொழுந்துக் கூடையிலோ அரிசி மூட்டையிலோ பாரம் பரவியிருக்கும். எஞ்சினிலோ பெரும்பாரம் தலையிலே. அடித்தண்டைப் பிடித்துத் தூக்கினால், கனத்த முனையை மேலே வைத்துப் பிடித்த உலக்கையைப் போல அது கவிழப் பார்க்கும். மேலும், படகினுள் நிற்பவன் பின்பலகைக்கு அப்பால் குனிந்தே அதைத் தூக்க வேண்டும். 20 கிலோகிராம் பாரத்தை முதுகெலும்பிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிப்பவனை எண்ணிப் பாருங்கள். முதுகுத் தசைகள் எலும்பிலிருந்து சுமார் 5 சென்ரிமீற்றர் தூரத்திலேயே இழுக்கின்றன. நெம்புகோல் விதிப்படி, அவை அந்தப் பாரத்துக்கு மட்டும் 200 கிலோகிராம் அளவுக்கு இழுக்க வேண்டும். பலசாலி எனப் பெயரெடுத்தவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதன் காரணம் இதுவே.

ஆகையால் மிதக்கும் படகில் இவ்வேலை கூடாது. எஞ்சினைப் பொருத்துவதற்காகப் பின்பலகை தாழ்வாகவே அமைந்திருக்கும். அவ்விடத்தில் இருவர் எஞ்சினோடு குவிந்தால் நீர் உள்ளே பாயும். வெள்ளத்தின் இழுப்பும் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை. படகை முழுவதும் கரையேற்றிப் பின்புறத்தைக் கட்டைகள் மீது உயர்த்தி வையுங்கள். எஞ்சினின் அடித்தண்டு நிலத்தில் முட்டாமல் நேராக நிற்க வேண்டுமல்லவா? அதற்கே இந்த உயரம். கட்டைகள் உருளாதபடி இருபுறமும் கல் அண்டை கொடுத்தல் நன்று. கரையேற்ற முடியாத பெரும்படகாயின், நீரோட்டம் இல்லாத ஒதுக்கிடத்தில் முன்னும் பின்னும் கயிறு கட்டி நிறுத்திய பின்னரே தொட வேண்டும்.

அடுத்தது எரிபொருள். எரிபொருட் குழாயைக் கழற்றிவிட்டு, சுழல்விசிறி பற்றாத நடுநிலைப் பல்லில் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட விட்டால் காபரேற்றரில் எஞ்சிய பெற்றோலும் தீர்ந்து அது தானே நிற்கும். குளிர்ச்சிக்கு நீரை உறிஞ்சும் எஞ்சின் ஆதலின், படகு நீரில் நிற்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். கரையில் நீரின்றி ஓட்டினால் உள்ளிருக்கும் நீர்ப்பம்பு கெட்டுப்போகும். தாங்கியின் காற்றுத் துளையையும் மூடுக. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களும் பெற்றோலிலேயே புறப்படுவன. ஆகவே எவ்வகை எஞ்சினாயினும் குப்பி விளக்கும் சுருட்டும் அருகில் வரக்கூடாது. மின்சாரம் அறுந்த வெள்ள இரவுகளில் இவ்வெச்சரிக்கை பெரிதும் வேண்டும். பின்னர் நிறுத்தற் கயிற்றின் கொளுவியை எடுத்து ஒருவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளட்டும். யாரேனும் தவறுதலாகப் புறப்பாட்டுக் கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் உயிர்பெறாது. பற்றரி இருப்பின் முதலில் எதிர்முனைக் கம்பியையே கழற்ற வேண்டும்.

இனிச் சிறப்பான இடத்துக்கு வருகின்றோம். சிறிய எஞ்சின்கள் இரண்டு திருகுபிடிகளால் பலகையைக் கவ்வியிருக்கும். பெரியவை பலகையை ஊடுருவும் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆதலால், திருகுபிடி தளர்ந்தும் எஞ்சின் அசையவில்லையென்றால் நெம்பாதீர்கள். எங்கோ ஒரு போல்ட் மறைந்திருக்கின்றது. ஆனால் எதையும் தளர்த்துவதற்கு முன்னரே எஞ்சினின் பாரத்தை வேறொன்று தாங்கியிருக்க வேண்டும். திருகுபிடியைக் கழற்றிவிட்டுத் தூக்க ஆள் தேடுவோரை எல்லா ஊரிலும் காணலாம்.

நாற்பது கிலோகிராமுக்கு உட்பட்டதாயின் மூவர் போதும். இருவர் எதிரெதிரே நின்று, பலகையைக் கவ்வும் இரும்புச் சட்டத்தின் அடியில் கை கொடுப்பர். மூன்றாமவர் அடித்தண்டைப் பிடித்து வழிநடத்துவார். அவர் பாரம் தூக்குவதில்லை. மேல்மூடியையும் திசைதிருப்பும் கைப்பிடியையும் பற்றித் தூக்கலாகாது. மூடி கழன்று கையோடு வந்துவிடும். எஞ்சின் இடம் வலம் திரும்பாதபடி கைப்பிடியைக் கட்டிவிடுக. நிமிர்ந்த நிலையிற் பூட்டும் சிறு கொண்டியும் பூட்டியிருத்தல் வேண்டும். இல்லையேல், தூக்கிய கணத்தில் தண்டு ஊஞ்சலைப் போல ஆடி ஒருவரின் முழங்காலைத் தேடி வரும்.

பெரிய எஞ்சினுக்குக் கைவலிமை உதவாது. தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரங்களைத் தூக்கும் செயின் புளொக் இங்கே வேண்டும். அதனை முக்காலி போல் நிறுத்திய மூன்று வலிய மரங்களில் தொங்க விடலாம். ஈரமண்ணில் மரங்களின் கால்கள் வழுக்கி விரியாதபடி மூன்றையும் சுற்றிக் கயிறு கட்டுவது கட்டாயம். பாடசாலை மண்டபத்தின் கூரைமரத்திலோ லயத்தின் வளையிலோ மாட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பாடசாலைக் கட்டிடங்களின் கூரையைப் பல்லாண்டு பார்த்துப் பழகிய நான் அதற்கு ஒருபோதும் இசையேன். பெரிய எஞ்சின்களில் மூடியைத் திறந்தால் தூக்குவதற்கென்றே ஓர் இரும்பு வளையம் தெரியும். கொளுவியை அதில் மாட்டிச் சங்கிலி விறைப்படையும் வரை இழுத்து, அதன் பிறகே போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். இரண்டு விரற்கடை உயர்ந்ததும் நிறுத்தி எல்லாம் ஒழுங்கா என்று பாருங்கள். தொங்கும் எஞ்சினின் கீழே கையோ காலோ இருக்கக் கூடாது. கட்டளை ஒருவர் வாயிலிருந்தே வர வேண்டும். பத்துப் பேர் கூடிய இடத்தில் பத்துக் குரல்கள் எழுவது நம் வழக்கம் ஆதலால் இதை அழுத்திச் சொல்கின்றேன்.

இறக்கிய எஞ்சினை உடனே படுக்க வைத்தல் பிழை. தண்டினுள்ளே குளிர்ச்சிக்காக ஏறிய நீர் தங்கியிருக்கும். தலை தாழ்ந்தால் அந்நீர் புகைபோகும் வழியாக உருளைக்குள் இறங்கிவிடும். ஆகவே சிறிது நேரம் நிமிர்த்திப் பிடித்து நீரை வடிய விடுங்கள். படுக்க வைத்தபின்னும் தலை சற்று உயர்ந்தே இருக்கட்டும். நான்கடிப்பு எஞ்சின்களில் எண்ணெய் தனியே தேங்கியிருப்பதால், எந்தப் பக்கம் படுக்கலாம் என்பதை அதன் கைநூலிலோ உடலிலோ குறித்திருப்பர். அந்தப் பக்கமாகவே கிடத்த வேண்டும்.

இவ்வளவும் செய்தும் எஞ்சின் நீரில் விழுந்துவிட்டால், எடுத்தவுடன் ஓட்டிப் பார்க்கும் ஆவலை அடக்குக. நல்ல நீரால் சேற்றைக் கழுவி, பிளக்குகளைக் கழற்றித் துளைகள் கீழ்நோக்கச் சரித்து, கையால் மெதுவாகச் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். சுற்றும்போது உள்ளே உராய்வு தெரிந்தால் மணல் புகுந்திருக்கின்றது; மேலும் சுற்றாமல் எஞ்சின் திருத்துபவரிடம் சேர்க்க வேண்டும். உராய்வு இல்லையெனின் உருளைக்குள் எண்ணெய் விட்டு, அதையும் அன்றைக்கே அவரிடம் கொண்டு செல்லுங்கள். காற்றுப் பட்ட ஈர இரும்பில் சில மணி நேரத்திலேயே துரு ஏறத் தொடங்கும். லொறியில் ஏற்றும்போது பழைய டயர் ஒன்றை அடியில் இட்டுத் தலையை அதன்மேல் வைத்து, இரு பக்கமும் கயிற்றால் கட்டுங்கள். கழற்றிய நட்டுகளையும் போல்ட்டுகளையும் ஒரு துணியில் முடிந்து எஞ்சினிலேயே கட்டிவிடுங்கள். குருவிட்டவில் கழற்றிய போல்ட்டை எலபாத்தவில் தேடிப் பயனில்லை.