வேரிலும் கொழுந்திலும்

செஞ்சிக்கு வருகிற நாம் எல்லோரும் அண்ணாந்தே பார்க்கிறோம். ராஜகிரியின் 800 அடி உயரமும் கிருஷ்ணகிரிக் குன்றின் மதில்களும், ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நிற்கும் பாறைகளும் நம் கண்களை மேலேயே இழுத்துக்கொள்கின்றன. வல்லம் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் முழங்கால் உயரம்கூட எட்டாமல் படர்ந்து கிடக்கும் மல்லாட்டை என்னும் நிலக்கடலைச் செடியைக் குனிந்து பார்க்க யாருக்குத் தோன்றுகிறது? உயிர் தன் மரபணு ஏட்டை எழுதிச் சேர்ப்பதும் அழித்துக் குறைப்பதுமான இரண்டு பெரும் வழிகள், அந்த ஒற்றைச் செடியின் வேரிலும் கொழுந்திலும் ஒரு முழ இடைவெளியில் நடந்துகொண்டிருக்கின்றன.

செடியை மண்ணோடு மெல்லப் பெயர்த்து வேரைத் தண்ணீரில் அலசினால், பக்கவேர் கிளைக்கும் இடங்களில் கடுகளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். நகத்தால் ஒன்றைக் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு. நம் குருதிக்குச் சிவப்பூட்டும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. அந்தச் சிவந்த அறைக்குள் பிராடிரைசோபியம் என்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் எந்தச் செடியாலும் அதை நேரே உண்ண முடியாது. உர ஆலையில் நாம் 400 டிகிரிக்கு மேல் சூடேற்றி, வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தம் கொடுத்து அதைப் பிணைக்கிறோம். இந்தச் சிற்றுயிரோ ஓசையின்றி, மண்ணின் இதமான ஈரத்தில் அதே வேலையைச் செய்து முடிக்கிறது. அதைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்சிஜன் இல்லாமலும் பாக்டீரியா பிழைக்காது. ஆகவே அந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனைப் பற்றி வைத்துக்கொண்டு, நொதிக்குத் தீங்கு வராத அளவில் மட்டும் விட்டுக்கொடுக்கிறது. இந்தக் கணக்கைப் போட்ட கையை நினைத்தால் நெஞ்சு தானாகவே கைகூப்புகிறது.

இந்தக் கலை அந்தப் பாக்டீரியாவுக்கு எப்படி வந்தது? சோயா வேரில் வாழும் அதன் நெருங்கிய உறவினத்தின் மரபணுத் தொகுதியை 2002இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் முழுதாகப் படித்தார்கள். மொத்தம் 91 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். வேர்முடிச்சு அமைக்கவும் நைட்ரஜனைப் பிணைக்கவும் வேண்டிய மரபணுக்கள் பெரும்பாலும் ஓரிடத்தில், ஏறத்தாழ 6.8 லட்சம் எழுத்து நீளத்தில், தீவுபோல் திரண்டிருந்தன. அந்தப் பகுதியின் எழுத்து விகிதம் மட்டும் மற்ற பகுதிகளோடு ஒத்துப்போகவில்லை. அது வேறோர் உயிரிடமிருந்து வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே தடயம்.

அப்படி வந்து சேர்வதை நியூசிலாந்தில் கிட்டத்தட்ட கண்ணாலேயே கண்டிருக்கிறார்கள். லோட்டஸ் என்ற தீவனப் பயிருக்கேற்ற பாக்டீரியா இல்லாத நிலத்தில், விதையோடு ஒரே ஒரு வகையைக் கலந்து விதைத்தார்கள். ஏழு ஆண்டு கழித்து வேர்முடிச்சுகளைத் திறந்து பார்த்தால், பலவற்றில் இருந்தது விதைத்த வகையல்ல, அந்த மண்ணின் பழைய குடிகள். வந்த விருந்தாளியிடமிருந்து சுமார் ஐந்து லட்சம் எழுத்துகளைப் பெற்றுக்கொண்டு அவையும் வேருக்குள் நுழைந்திருந்தன. ஓட்டாகோ பல்கலைக்கழகத்தின் சல்லிவன், ரான்சன் குழுவினர் 1995இலும் 1998இலும் இதை வெளியிட்டார்கள். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதுபோலத்தான். கொடுத்தவருக்குக் குறைவதில்லை, வாங்கிய வீட்டில் பானை நிறைகிறது.

இனி கொழுந்துக்கு வாருங்கள். அங்கே எறும்புகள் காவல் நிற்க, கறுத்து மினுங்கும் அசுவினிகள் மொய்த்திருக்கும். மருந்தடிக்க வேண்டிய பூச்சி என்பதற்கு மேல் நாம் அவற்றை நினைத்ததில்லை. அவை உறிஞ்சும் சாற்றில் இனிப்பு உண்டு, உடல் வளர்க்கும் அமினோ அமிலங்கள் போதாது. அந்தக் குறையைத் தீர்ப்பது அசுவினியின் உடலுக்குள் தனிச் செல்களில் வாழும் புக்னெரா என்ற பாக்டீரியா. தாயிடமிருந்து சேய்க்கு என்று 16 கோடி ஆண்டுகளுக்குக் குறையாமல் அந்தக் குடித்தனம் கைமாறி வந்திருக்கிறது. செஞ்சியிலிருந்து சங்கராபரணி ஆற்றோடு இறங்கினால் திருவக்கரை வரும். அங்கே கல்லாகிக் கிடக்கும் மரங்களின் வயதே சுமார் 2 கோடி ஆண்டுகள்தான்.

பட்டாணிச் செடியின் அசுவினியிலுள்ள புக்னெராவை 2000ஆம் ஆண்டில் படித்தபோது இருந்தவை சுமார் 6.4 லட்சம் எழுத்துகளே. அதன் உறவான ஈகோலை பாக்டீரியாவுக்கு 46 லட்சம் உண்டு. வேரில் வாழ்வது கடனாகப் பெற்ற அந்த ஒரு தீவைவிடவும் கொழுந்தில் வாழ்வதன் முழு ஏடு சிறியது!

இந்த வேறுபாடு எப்படி வந்தது? ஏட்டைப் படியெடுக்கையில் ஈகோலையில் ஏறத்தாழ ஆயிரம் தலைமுறைக்கு ஒரு பிழைதான் விழுகிறது. ஆனால் கோடி ஆண்டுகளில் அந்தப் பிழைகளே மலையளவு சேரும். வேர் பாக்டீரியாவுக்கு வெயிலும் வறட்சியும் போட்டியும் நிறைந்த மண் காத்திருக்கிறது. தேவையான மரபணு கெட்டுப்போனால் அந்த உயிர் அங்கேயே மடிகிறது, பயனுள்ளது அயலாரிடமிருந்து வந்தால் நிலைக்கிறது. புக்னெராவுக்குப் பசியில்லை, பகையில்லை, அயலாரும் இல்லை. தேவைப்படாத மரபணு பழுதானபோது அதைக் கேட்க ஆளில்லாமல் அது மெல்ல உதிர்ந்தது. பழுதைச் செப்பனிடும் மரபணுக்கள் சிலவும் உதிர்ந்துவிட்டன. இன்று அசுவினியை விட்டு வெளியே அதனால் வாழ முடியாது. ஆனாலும் பூச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களைச் சமைக்கும் மரபணுக்களை அது விடாமல் காத்து வருகிறது. தனக்கென்று இருந்ததில் பெரும்பகுதியை இழந்தும் பிறர்க்கென்று இருப்பதைக் காத்து நிற்கும் அந்தத் துளியுயிரின் முன் நம் சேமிப்புக் கணக்குகள் எவ்வளவு சிறுத்துப்போகின்றன!

வல்லம் வட்டாரத்தில் விதைப்புக்கு முன், வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்கிய, வேர்முடிச்சுப் பாக்டீரியா அடங்கிய ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, பருப்பில் பிசறி, நிழலில் உலர்த்துகிறார்கள். அந்தக் கஞ்சியோடு மண்ணுக்குள் போகும் பாக்டீரியாவை அங்கே எத்தனையோ பழங்குடிகள் எதிர்கொள்கின்றன. நியூசிலாந்தில் நடந்தது இங்கும் நடக்க இடமுண்டு. அடுத்த பட்டத்தில் வேர்முடிச்சைக் கீறினால் உள்ளே இருப்பது பொட்டலத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். அதனிடம் கற்றுக்கொண்ட வல்லத்து மண்ணின் பழைய உயிராகவும் இருக்கலாம்.