சுருட்டை விரியன் தந்த மருந்து

இலங்கையின் வடக்கு, வடமேல் கரையோரங்களில், புத்தளம் பக்கத்து வறண்ட மணற்பாங்கு உட்பட, சுருட்டை விரியன் வாழ்கிறது. சிறிய பாம்புதான், ஆனால் அது கடித்தால் குருதி உறையும் தன்மையே குலைந்துவிடும்.

இந்த இனத்தின் நஞ்சிலுள்ள எக்கிஸ்டட்டின் 49 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம். குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அது தடுக்கிறது. அதை முன்மாதிரியாக வைத்து ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட டிரோஃபிபான், 1998இல் அமெரிக்காவில் இதய நோயாளர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. பின்னர் இன்னொரு இக்கட்டிலும் அது கைகொடுத்தது.

இதய சத்திரசிகிச்சையின்போது குருதி இயந்திரக் குழாய்கள் வழியே ஓடும். அங்கே உறையாதிருக்க ஹெப்பரின் வேண்டும். சிலரது உடலோ, ஹெப்பரினும் சிறுதட்டுகள் வெளியிடும் ஒரு புரதமும் இணைந்த கூட்டைப் பகையாகக் கருதிப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. அவை சிறுதட்டுகளைத் தூண்டிவிட, எண்ணிக்கை சரிகிறது.

சிறுதட்டு குறைந்தால் குருதிப்பெருக்கு ஏற்படும் என்றுதான் எவரும் எண்ணுவர். இங்கே நடப்பது நேர்மாறு: கால் நாளங்களிலும் நுரையீரலிலும் குருதி உறைந்து அடைக்கிறது.

சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் சில நாட்கள் சிறுதட்டுகள் குறைவது எல்லோருக்கும் வழமை. பிறகு ஏறிய எண்ணிக்கை 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் மறுபடி பாதியாக விழுந்தால் வைத்தியர்கள் விழித்துக்கொள்வார்கள். குழாய் கழுவப் பயன்படும் துளி ஹெப்பரினையும் நிறுத்தி, ஆர்கட்ரோபான் போன்ற மாற்று மருந்து தொடங்குவார்கள். சிறுதட்டுகள் மீளும்வரை, குருதி உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கூடாது.

இந்நிலை கண்டவருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், முடிந்தவரை காத்திருப்பதே நல்லது. ஏறத்தாழ 100 நாட்களில் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் மறைந்துவிடும். அவசரமெனில் ஹெப்பரினுக்குப் பதிலாக பிவாலிருடின் உண்டு. ஆனால் அதை முறிக்க மருந்து இல்லை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடலில் நீடிக்கும். அத்தகையோருக்காக பெர்லினின் கோஸ்டர் குழுவினர் 2001இல் வேறொரு வழியை வெளியிட்டனர்: முதலில் டிரோஃபிபானால் சிறுதட்டுகளை முடக்கி, பிறகு வழக்கமான ஹெப்பரினையே கொடுப்பது.

கரையோரத்திலிருந்து கொழும்புக்குப் போய் சத்திரசிகிச்சை செய்து வீடு திரும்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். அந்த 5–10 நாட்கள் வீட்டிலேயே கழியலாம். சில வேளை பாதிப்பு இன்னும் தாமதமாகவும் தலைகாட்டும். கால் வீங்கினால், திடீரென மூச்சு வாங்கினால், டயக்னோசிஸ் கார்ட்டுடன் உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஹெப்பரின் ஒருமுறை ஒத்துக்கொள்ளாதவர்கள், பின்னர் எந்த வைத்தியரிடம் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள்.