ரெக்கவரி வண்டிக்கு உரிமம் உண்டு, தொழிலுக்கு?

களமசேரியையும் வல்லார்பாடத்தையும் இணைக்கும் 966ஏ தேசிய நெடுஞ்சாலையைக் கொச்சிக்காரர்கள் கண்டெய்னர் ரோடு என்றே சொல்கிறார்கள். 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டதிலிருந்து டிரெய்லர்களின் பாதை அது. கோவை, திருப்பூர்ச் சரக்கும் இவ்வழியே கப்பலேறுகிறது. இங்கே இரவில் ஒரு டிரெய்லர் அச்சு முறிந்து நின்றால், பின்னால் வரும் பைக்காரருக்கு உயிராபத்து. அதை அகற்ற வரும் ரெக்கவரி வண்டியிடம் சட்டம் என்ன கேட்கிறது?

வண்டியைப் பற்றி நிறையவே கேட்கிறது. அது போக்குவரத்து வாகனமாகப் பதிவாகியிருக்க வேண்டும். தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் அடங்கும் சிறிய வண்டியை இலகுரக உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. டிரெய்லரைத் தூக்கும் பெரிய வண்டிக்குக் கனரக உரிமம் கட்டாயம்.

பெர்மிட் மட்டும் வேண்டாம். பழுதான வாகனத்தை இழுக்கும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு விலக்கு தருகிறது. நியாயமான சலுகைதான். ஆனால் அதே வண்டியில் ஷோரூமுக்குப் போகும் புதுக் காரை ஏற்றினால், இந்தச் சலுகையைக் காட்டித் தப்ப முடியாது.

127ஆம் பிரிவு போலீசுக்கானது. பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை, சீருடையிலுள்ள காவல் அதிகாரியின் அனுமதியோடு இழுத்துச் செல்லலாம். போக்குவரத்தை மறித்தால் உடனே அகற்றலாம். இரண்டுக்கும் செலவு உரிமையாளர் தலையில்தான்.

எவ்வளவு செலவு? சிக்கல் இங்கேதான். வண்டிக்கும் ஓட்டுநருக்கும் இத்தனை காகிதம் கேட்கும் மத்தியச் சட்டம், இழுவைத் தொழில் நடத்துபவருக்கென்று தனி உரிமம் எதையும் வைக்கவில்லை. நடுரோட்டில் தவிப்பவரிடம் பேரம் பேசும் வலு ஏது? தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோவில், இழுவை நிறுவனங்களுக்கிடையே மூண்ட வன்முறை அரசை விழிக்க வைத்தது. அங்கே 2024 ஜனவரி முதல் நிறுவனங்களும், ஜூலை முதல் ஓட்டுநர்களும் மாகாணச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். கட்டணத்தை முன்கூட்டியே அறிவிப்பதும் வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெறுவதும் கட்டாயம். கேரளம் இதைக் கவனிக்க வேண்டும்.

அதுவரை, தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனவர் முதலில் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைக்கலாம். தனியார் வண்டி வந்தால், கொக்கி மாட்டும் முன்பே ஆர்.சி., காப்பீடு இரண்டையும் பார்த்து, தொகையையும் இறக்கும் இடத்தையும் எழுதி வாங்கிவிடுவது நல்லது.